குடித்தால் பாடுவார் என்று எழுதுங்கள்

போலீஸ் ஸ்டேஷனில் 'ரைட்டர்' என்று ஒருவர் இருப்பார். கதை எழுதுகிறவர் இல்லை. புகார் கொடுக்க வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, பதிவேட்டில் ஏற்றி, கோர்ட்டுக்குப் போக வேண்டிய காகிதங்களைத் தைத்து வைக்கிற போலீஸ்காரர். கர்நாடகத்தில், கோலார் தங்கவயலில் ஒரு ஸ்டேஷனில் பதினெட்டு வருடம் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஓய்வுபெற்று, தமிழில் துப்பறியும் நாவல்கள் எழுதுகிறேன். மூன்று வந்துவிட்டன. நான்காவது சாப்பாட்டு மேசையின் மேல் பாதியில் கிடக்கிறது. "போலீஸ்ல இருந்தவங்க எப்படி இந்தப் பக்கம் வந்தீங்க?" என்று கேட்பவர்களுக்கு, சின்ன வயதிலிருந்தே படிக்கிற பழக்கம் உண்டு என்று சொல்லி முடித்துவிடுவேன். அது பொய்யில்லை. அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வந்து ஞாயிற்றுக்கிழமை புத்த விகாரைக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போவார். வணக்கம் முடிந்ததும் பெரியவர்கள் சங்க விஷயம் பேசுவார்கள். நான் பக்கத்து அறையில் இருந்த தமிழ்ப் பத்திரிகைகளைப் படித்துக்கொண்டிருப்பேன். ஆனால் பத்திரிகை படித்தவர்கள் எல்லோரும் எழுத வந்துவிடவில்லை. நான் வந்ததற்குக் காரணம் ஒரு பெண். அவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தார்.

தங்கவயலில் ஆட்கள் அழுவது தமிழில், புகார் பதிவாவது கன்னடத்தில். தமிழில் கேட்டுக் கன்னடத்தில் எழுதுவதுதான் என் வேலை. தெலுங்கில் அழுகிறவர்களும் உண்டு. எந்த மொழியில் அழுதாலும் என் பேனாவிலிருந்து வருவது ஒரே மாதிரிதான் இருக்கும். எங்களுக்கென்று அச்சு வார்த்த மாதிரி வாக்கியங்கள் உண்டு. குழாயடிச் சண்டை என்றால், "தகாத வார்த்தைகளால் திட்டி, கையால் தாக்கி". ஆண் யாராவது கிணற்றிலோ குழியிலோ விழுந்து இறந்திருந்தால், "குடிப்பழக்கம் உள்ளவர், குடித்துவிட்டுக் கால் தவறி விழுந்து, யார் மீதும் சந்தேகம் இல்லை". நான் வேகமாக எழுதுவேன் என்று ஸ்டேஷனில் எனக்குப் பெயர். வந்தவர் பாதி சொல்லும்போதே என் கை மீதியை எழுதி முடித்திருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சுரங்கம் மூடி சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் காலை சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக்குப் பக்கத்தில், சயனைட் மேட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கிய குழியில் ஒருவர் கிடக்கிறார் என்று தகவல் வந்தது. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மலையாகக் குவிந்திருக்கிறதே, அதைத்தான் சயனைட் மேடு என்போம். இறந்தவர் முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்தவர், மூடிய பிறகு ஒரு மரக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். முந்தைய நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு வீடு திரும்ப வேண்டியவர், திரும்பவில்லை. உடலைப் பார்த்த போலீஸ்காரர்கள் வந்து, "குடிச்சுட்டு விழுந்திருக்கான்" என்று சொன்னார்கள். பத்து மணிக்கு அவர் மனைவி புகார் எழுதிக் கொடுக்க வந்தார்.

நாற்பது வயது இருக்கும். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவர். அழுது முடித்த முகம். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். உங்கள் கணவருக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டேன். "உண்டு. வாரத்துல ஒரு நாள், ரெண்டு நாள்" என்றார். எனக்கு அது போதும். மீதியை என் கை எழுதிவிட்டது. கையெழுத்து வாங்குவதற்காகக் காகிதத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன்.

"எனுக்குக் கன்னடம் படிக்க வராது. தமிழ்ல படிச்சுக் காட்டுங்க" என்றார்.

படித்துக் காட்டினேன். 'என் கணவர் குடிப்பழக்கம் உள்ளவர், குடித்தால் கூச்சல் போட்டு அக்கம்பக்கத்தாருடன் தகராறு செய்வார், நேற்றும் குடித்துவிட்டு' என்று வந்த இடத்தில் அவர் கையை நீட்டிக் காகிதத்தின் மேல் வைத்தார்.

"இதை நான் சொல்லலியே மேடம்."

"குடிப்பாருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"குடிப்பாருன்னு சொன்னேன். தகராறு பண்ணுவாருன்னு எங்க சொன்னேன்? அவரு குடிச்சா பாடுவாரு. கடையிலேர்ந்து வீட்டு வரைக்கும் பாடிக்கினே வருவாரு, மேட்டாண்ட வரும்போதே எங்க வாசலுக்குக் கேக்கும். நேத்து சாயங்காலம் நான் வாசல்லதான் உக்காந்துக்கினு இருந்தேன். பாட்டு வரல. அவரு குடிக்கல."

"சரி, அதை அப்புறம் சேத்துக்கலாம். இப்ப கையெழுத்துப் போடுங்க."

"குடிச்சா பாடுவாருன்னு எழுதுங்க. நேத்து பாடலன்னும் எழுதுங்க. அப்பால போடறேன்."

உள்ளேயிருந்து சப்-இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். மண்டியா பக்கத்துக்காரர். தமிழ் புரியும், பேச வராது. என்ன தாமதம் என்று கேட்டார். சொன்னேன். கூச்சல் போட்டார் என்பதற்கும் பாடினார் என்பதற்கும் என்ன வித்தியாசம், இரண்டும் சத்தம்தானே என்றார். அந்தப் பெண்ணுக்கு அவர் சொன்ன கன்னடம் புரிந்தது. எழுந்து நின்று, அவரை நேராகப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: "ரெண்டும் ஒண்ணு இல்ல சார். கூட வாழ்ந்தவ நான்."

சப்-இன்ஸ்பெக்டர் என் முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு என்னிடம் "பரீரி" என்றார். எழுதுங்கள் என்று அர்த்தம். நான் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளில் ஆரம்பித்தேன். 'என் கணவர் குடித்தால் பாடுவார். நேற்று அவர் பாடும் சத்தம் கேட்கவில்லை.' கன்னடத்தில் அந்த இரண்டு வாக்கியங்களை எழுத எனக்கு எத்தனை நேரம் பிடித்தது தெரியுமா? அத்தனை வருட வேலையில் அப்படி ஒரு வாக்கியம் நான் எழுதியதே இல்லை. கை தயங்கித் தயங்கி நின்றது. படித்துக் காட்டியதும் அவர் தலையாட்டித் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் சப்-இன்ஸ்பெக்டர் அந்தப் புகாரை எடுத்து மறுபடி படித்தார். சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு தடவை படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் வாங்க. நான் போய்க் கேட்டா பயப்படுவாங்க, உங்ககிட்ட பேசுவாங்க" என்று கன்னடத்தில் சொன்னார். ரைட்டர் நாற்காலியை விட்டு விசாரணைக்குப் போவது வழக்கமில்லை. ஆனாலும் போனேன். இறந்தவர் வீடு இருந்த சுரங்கக் குடியிருப்பு வரிசையிலும் அதற்கு முந்தைய வரிசையிலும் ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டேன். நேற்று சாயங்காலம் பாட்டுச் சத்தம் கேட்டதா?

"இல்லியே" என்றார்கள் எல்லோரும். ஒரு அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "அவரு பாடினா தெரியாமயா போவும்? நேத்து கப்புசிப்புன்னு இருந்துச்சு. லீவு போல இருக்குதுன்னு நெனச்சேன்" என்றார். அவர் குடிக்கிற நாளில் வரிசை முழுக்க அந்தப் பாட்டைக் கணக்கில் வைத்துத்தான் சாயங்காலத்தைக் கழித்திருக்கிறது. சிலர் அதைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்களாம்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் சப்-இன்ஸ்பெக்டர் தானே போய்ப் பேசினார். வயிற்றில் மது இல்லை என்றும், இடுப்பில் பட்ட அடி விழுந்து பட்டது மாதிரி இல்லை என்றும் அவர் சொன்னார். மேட்டுக்குப் பக்கத்து வளைவில், முள்செடிக்கு அடியில், வண்டி விளக்கின் கண்ணாடித் துண்டுகள் கிடைத்தன. நான்காம் நாள் ஒரு மெக்கானிக் கடையில் விளக்கு மாற்றிய டெம்போவைப் பிடித்தார்கள். டிரைவர் கேட்டவுடனேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். வளைவில் தெரியாமல் இடித்துவிட்டான். இறங்கிப் பார்த்தபோது உயிர் இல்லை. பயந்துபோய், குடிகாரன் விழுந்தான் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று குழியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். அவன் நினைத்ததுபோலத்தான் நாங்களும் நினைத்தோம். நான் எழுதியும் முடித்திருந்தேன்.

விஷயத்தைச் சொல்ல அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நானும் போனேன். கேட்டு முடிந்ததும் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "குடிச்சுட்டுச் செத்தான்னு எம்பொண்ணு கேக்க வேணாம். அது போதும்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை. நன்றி சொல்ல வேண்டியவள் நான் என்று அன்றைக்கே தெரிந்தது. யூனிபார்ம் போட்டுக்கொண்டு அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அன்றிலிருந்து என் வேகம் குறைந்தது. சக போலீஸ்காரர்கள் கிண்டல் செய்தார்கள். சண்டை என்று யாராவது வந்தால், "திட்டினார்னா, இன்னா சொல்லித் திட்டினாரு?" என்று கேட்பேன். காணாமல் போனவர் என்றால், கடைசியாக வீட்டை விட்டுப் போகும்போது கையில் என்ன எடுத்துப் போனார் என்று கேட்பேன். புகாருக்கு அது பாதி நேரம் தேவைப்படாது. ஆனால் கேட்டால் ஆட்கள் சொன்னார்கள். ஒரு பாட்டரி ரிப்பேர்க்காரர் தன் சைக்கிள் திருட்டுப் போனதைச் சொல்ல வந்து, அந்த சைக்கிளில் கல்யாணமான புதிதில் மனைவியை உட்காரவைத்துப் பங்காருப்பேட்டை வரைக்கும் மிதித்ததைச் சொன்னார். சைக்கிள் கிடைக்கவில்லை. அவர் சொன்னது மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அப்படித் தங்கியவை ஒன்றா இரண்டா?

ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குளித்து, தலை பின்னி, சாப்பாட்டு மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். எழுத ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் டர்னராக இருந்து எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றவர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னா, இன்னும் ஸ்டேஷன் தொறக்கலியா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்குப் போய், கோடு போட்ட நீள நோட்டு இரண்டும் பேனா டப்பா ஒன்றும் வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். "புகார் குடுக்க ஆள் வரலன்னா இன்னா? உன் தலைக்குள்ளதான் அவ்ளோ பேரு இருக்காங்களே" என்றார்.

முதல் நாவலை ஏழெட்டு மாதத்தில் எழுதினேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் அவர்தான் முதலில் படிப்பார். இரும்பைக் கடைந்து நூலளவு பிசகினாலும் தூக்கிப் போட்ட மனிதர் அவர். என் கதையையும் அப்படித்தான் படித்தார். "மூணாவதுல மழை பெய்யுது. அதே நாள் சாயங்காலம் நாலாவதுல கொடியில காஞ்ச துணி எடுக்கறா. எப்படி?" என்பார். கொலையாளி இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். கோபம் வரும். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பேன். அப்புறம் வந்து திருத்துவேன். இன்றுவரை என் புத்தகத்தில் நேரக் கணக்குத் தப்பியது என்று ஒருவரும் எழுதியதில்லை. அந்தப் பாராட்டு அவருக்குச் சேர வேண்டியது.

கைப்பிரதியைச் சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அங்கிருந்து ஒரு அம்மா போன் செய்தார். கதை பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "உங்க நாவல்ல யாருமே வரமாட்டேங்கறாங்க. எல்லாரும் 'சம்பவ இடத்துக்கு ஆஜர்' ஆகறாங்க. கதாநாயகி கூட தன் வீட்டுக்கே ஆஜர் ஆகறா" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எடுத்துப் பார்த்தால், முதல் பக்கத்திலேயே 'மேற்படி நபர்' ஆறு தடவை. அவர் ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் என்று போனிலேயே உட்கார்ந்து என்னோடு வரி வரியாகப் படித்தார். அது எங்கள் ஊர்ப் பேச்சு என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் விட்டுக்கொடுத்தார். போலீஸ் பேச்சு வந்த இடத்தில் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. நாங்கள் இன்னும் நேரில் பார்த்ததில்லை. குரலை மட்டும் அடையாளம் தெரியும்.

அந்த நாவலின் நடுவில் பாடிக்கொண்டு வீட்டுக்கு வரும் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அச்சுக்குப் போகும் முன்னால் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்காமல் போடக்கூடாது என்று தோன்றியது. விசாரித்துப் போனேன். அதே வரிசையில்தான் இருந்தார். கணவர் போன பிறகு தினமும் காலை ரயிலேறி பெங்களூரில் துணி தைக்கும் கம்பெனிக்குப் போய்வந்து, மகளை நர்ஸ் ஆக்கிவிட்டு, இப்போது வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். கதவைத் திறந்தவர் உடனே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"வாங்க மேடம். இன்னா, யூனிபார்ம் இல்லாம அடையாளமே மாறிப் போச்சு?"

காபி போட்டுக் கொடுத்தார். வந்த விஷயத்தைச் சொல்லி, அந்த அத்தியாயத்தை அவரிடம் கொடுத்தேன். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வைத்துப் படித்தார். எனக்கு வியர்த்தது. இத்தனைக்கும் நான் எத்தனையோ கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறியவள். கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். கண் ஈரமாக இருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஒண்ணுதான் தப்பு."

"சொல்லுங்க."

"அவரு கொரலு தேன் மாதிரி இருந்துச்சுன்னு போட்டிருக்கீங்க. யாரு சொன்னது? கழுதை தோத்துப் போவும். அவரு பாடறத வுட்டு, பேசினா நல்லா இருக்கும். பக்கத்து வீட்டுக்காரம்மா கதவைச் சாத்திக்கினு போயிடுவாங்க. நான்தான் வாசல்ல உக்காந்து கேப்பேன்."

இருவரும் சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க அவருக்குப் புரையேறிவிட்டது. முதுகைத் தட்டிவிட்டேன். "எழுதுங்க மேடம். அவரு பேரை மட்டும் மாத்திடுங்க. பாட்டை மாத்தாதீங்க" என்றார். அங்கேயே, அவருடைய தையல் சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் நோட்டை வைத்து, தேனை அடித்துவிட்டுக் கழுதையை எழுதினேன். புத்தகம் வந்தபோது வாசகர்கள் அதிகம் எழுதியது அந்த இடத்தைப் பற்றித்தான். எப்படி இப்படி ஒரு வரி தோன்றியது என்று கேட்டவர்களும் உண்டு. தோன்றவில்லை, சொல்லக் கேட்டு எழுதினேன் என்று பதில் போட்டேன்.

சப்-இன்ஸ்பெக்டரும் இப்போது ஓய்வில் ஊரோடு இருக்கிறார். தமிழ் படிக்க வராது. அவருக்காக அந்த அத்தியாயத்தைப் போனில் கன்னடத்தில் சொன்னேன். முழுதும் கேட்டார். "அன்னைக்கு நான் என்ன வித்தியாசம்னு கேட்டேனே, அதைப் போட்டீங்களா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். "நல்லது, அது இருக்கட்டும். மறுபடி படிச்சதையும் போட்டீங்களா?" என்றார். அதையும் போட்டிருந்தேன். அவர் மட்டும் மத்தியானம் அந்தக் காகிதத்தை மறுபடி எடுத்திருக்காவிட்டால், நான் எழுதிய அந்த இரண்டு வாக்கியங்களும் அலமாரியில் தைத்து வைத்த கட்டுக்குள்ளேயே மக்கிப் போயிருக்கும். அதை அவரிடம் சொன்னேன். கன்னடத்தில் நன்றி சொல்வது எனக்கு எப்போதும் கொஞ்சம் சுலபம்.

போன வாரம் ஒரு பழைய வழக்கில் சாட்சி சொல்லக் கோலார் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஓய்வு பெற்றாலும் சம்மன் நம்மை விடாது. காலை ரயிலில் ஏறினேன். பங்காருப்பேட்டையில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். பெண்கள் பெட்டியில் வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்தில் ஒரு பெண் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். சுற்றி நாலைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பூக்கட்டிக்கொண்டு, ஒருத்தி தலைவாரிக்கொண்டு. இரண்டு வரி கேட்ட பிறகுதான் அது என்னுடைய மூன்றாவது நாவல் என்று எனக்கு உறைத்தது.

"நிறுத்து, நிறுத்து. அந்த டாக்டர்தான்டி பண்ணியிருப்பான். கன்பார்ம்" என்றாள் தலைவாரிக்கொண்டிருந்தவள்.

"அவன் இல்ல. அவன் ரொம்ப நல்லவனாட்டம் பேசறான் இல்ல, அதனாலயே அவன் இல்ல."

"எனுக்கு அந்த போலீஸ்காரம்மாவதான் புடிக்கல. எத்தினி கேள்வி கேக்கறா? ஒரு மனுஷனை நிம்மதியா சாவ வுடமாட்டேங்கறா" என்றார் பூக்கட்டிக்கொண்டிருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவர் திரும்பி, "இன்னாக்கா, நீங்க இதைப் படிச்சிருக்கீங்களா?" என்றார்.

"படிச்சிருக்கேன்."

"யாருன்னு சொல்லிடாதீங்க! மாலூர் வர்றதுக்குள்ள நாங்களே கண்டுபுடிச்சிடுவோம்."

சொல்லவில்லை. நான் யார் என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் போட்ட வழிகளையெல்லாம் விட்டு, நான் நினைத்தே பார்க்காத வழியில் அவர்கள் கொலையாளியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு வழி என்னுடையதைவிட நன்றாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது பங்காருப்பேட்டை தாண்டி ரொம்ப நேரம் ஆகியிருந்தது. "ஐயோ, நான் அங்க இறங்கணுமே!" என்று எழுந்தேன். பெட்டி முழுக்க எனக்காகப் பதறியது. டேக்கல் ஸ்டேஷனில் இறங்கினால் திரும்பிப் போக வண்டி இருக்கிறது என்றார்கள். பூக்கட்டுகிறவர் என் பையை எடுத்துக் கொடுத்தார். படித்துக்கொண்டிருந்த பெண் தன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து என் கையில் திணித்தாள்.

"அடுத்த வண்டிக்கு நேரம் ஆவும்க்கா. சித்ரான்னம். பசியோட நிக்காதீங்க. டப்பாவை எப்பனா இதே வண்டியில குடுங்க."

டேக்கல் பிளாட்பாரத்தில் ஒரு வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அந்த எலுமிச்சைச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். டப்பாவைக் கழுவி, உள்ளே கொஞ்சம் முறுக்குப் போட்டு, மேசைமேல் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அந்தப் பெட்டியில் ஏற வேண்டும்.